தோல்வி காணாத தம்ளர்

எடை குறைக்கவென்று எத்தனையோ வழிகள் வந்து போய்விட்டன. பட்டினி கிடந்து பார்த்தார்கள், பேலியோ இருந்து பார்த்தார்கள், ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டுப் போகாமலும் இருந்து பார்த்தார்கள். இப்போது ஊசி வந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் சிலரிடம் பலித்தது, சிலரிடம் தோற்றது. ஒரே ஒருமுறைகூடத் தோற்காதது காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் அந்தத் தம்ளர் மட்டும்தான். உள்ளே சீரகத் தண்ணீர் இருக்கலாம், வெந்நீரில் கரைத்த தேனும் எலுமிச்சையும் இருக்கலாம், கொள்ளு ஊறிய தண்ணீர் இருக்கலாம். எது இருந்தாலும் அதன் பெருமைக்குக் குறைவில்லை. பல தலைமுறைகளாக நமக்காக உழைத்த அந்தத் தம்ளருக்கு உருப்படியாக ஒரு பாராட்டுவிழாகூட நாம் எடுக்கவில்லை. அந்தக் குறை இனி வேண்டாம்.

முதலில் ஊசிக்காரர்களைப் பாருங்கள், பாவமாக இருக்கும். செமாக்ளூடைடு என்ற மருந்து எடையைக் குறைக்குமா என்று தெரிந்துகொள்ள அவர்கள் 1,961 பேரைத் திரட்ட வேண்டியிருந்தது. வாரம் ஒரு ஊசி, 68 வாரம். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. எது யாருக்கு என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, எடை பார்த்தவருக்கும் தெரியாது. இத்தனை பாடுபட்டு 2021-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்ன? மருந்து போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். சராசரியாம்! ஒருவருக்காவது இத்தனை கிலோ கட்டாயம் குறையும் என்று எழுதிக்கொடுக்கத் துணிச்சல் இல்லை. நம் தம்ளர்க்காரர்களோ பதினைந்தே நாளில் பத்து கிலோ என்று முகப்புப் படத்திலேயே சிவப்பு எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு தொப்பை, அதன் பக்கத்தில் தொப்பை போன வயிறு. இரண்டும் ஒரே ஆளுடையதா என்று கேட்பவன் குதர்க்கவாதி.

தம்ளர் வகையறாவில் தலைசிறந்தது வெந்தயம், ஓமம், கருஞ்சீரகப் பொடி. குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றிலாவது இருப்பவருக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெந்தயம் 250 கிராம், ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம். கணக்கின் நேர்த்தியைக் கவனியுங்கள். ஏன் 250, ஏன் 260 இல்லை என்று யாரும் கேட்டதில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய் வெந்தயம் என்று வாயெடுத்தாலே போதும், மீதி இரண்டையும் அவரே எடுத்து வைத்துவிடுவார். "எடை குறையவாங்க, சுகருக்காங்க?" என்று மட்டும் கேட்பார். எதற்கு என்று சொன்னாலும் பொட்டலம் மாறாது. வீட்டுக்கு வந்து தனித்தனியாக வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டுப் பொடித்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து, இரவில் ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும். மூன்று மாதத்தில் உடம்பிலுள்ள கெட்ட கொழுப்பெல்லாம் கரைந்து மலத்திலும் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறிவிடும். கூடவே மூட்டுவலி போகும், முடி வளரும், ஞாபகசக்தி கூடும், காது நன்றாகக் கேட்கும்.

அந்தச் செய்தியின் கடைசியில் எளிமையாக ஒரு வரி இருக்கும்: இதைக் குடித்த பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. நான் தலைவணங்குவது இந்த வரிக்குத்தான். இரவு ஒன்பதரை மணிக்கு மேல் டிவி முன்னால் உட்கார்ந்து மிக்சரும் முறுக்கும் கொறித்துக்கொண்டிருந்த மனிதர், பொடியின் மேல் உள்ள பக்தியால் வாயைக் கட்டுகிறார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைகிறது. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. பெயர் காக்கைக்குப் போய்விட்டது. மிக்சரை விட்டதற்கு யாரும் மாலை போடுவதில்லை, மிக்சரை விடச் சொல்லும் வீடியோவை யாரும் பகிர்வதும் இல்லை. ஆகவே தன் உழைப்புக்கான புகழை ஒரு கருப்பு விதைக்கு விட்டுக்கொடுக்கும் இந்தப் பெருந்தன்மையை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

தேனின் அறிவுக்கூர்மைக்கும் ஒரு சபாஷ். தேனை வெந்நீரில் கலந்து குடித்தால் உடம்பு இளைக்கும், பாலில் கலந்து குடித்தால் உடம்பு போடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஒரு மேசைக்கரண்டித் தேனில் அறுபது கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆனால் தேனுக்குத் தன் கடமை தெரியும். சுற்றிலும் பார்த்து, இது தண்ணீர், இன்றைக்கு இளைக்கவைக்கும் வேலை என்று புரிந்துகொண்டு அந்த அறுபதையும் ரகசியமாக எங்கோ ஒளித்துவிடுகிறது. சர்க்கரை நோயாளி குடித்தாலும் இயற்கை இனிப்பாயிற்றே என்று ரத்தச் சர்க்கரை அடங்கிக்கொள்ளும் என்பது ஐதீகம். பரிசோதனைக்கூடத்தின் கருவிக்குத்தான் அது தெரிவதில்லை.

இந்த வைத்தியங்கள் ஏன் தோற்பதே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் போதும். ஈரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம். முப்பது வயதுப் பெண், பக்கத்து இலையில் அத்தை.

"என்ன கண்ணு, போன தைக்குப் பார்த்ததுக்கு இப்ப இப்படி ஊதிட்டே?"

"தைராய்டுங்கத்தை. பிசிஓடி வேற இருக்குதுங்க. டாக்டர் ஊசி போட்டுக்கலாம்ங்கிறார்."

"ஊசியா? அய்யோ சாமி, அந்தக் கருமாந்திரமெல்லாம் வேண்டாம். பின்னாடி என்ன பண்ணுமோ! கொள்ளை ராத்திரியே ஊற வெச்சு, காலைல அந்தத் தண்ணியக் குடி. உங்க பெரிய மாமன் மக குடிச்சுத்தானே இப்படி எலும்பா ஆயிட்டா?"

"அவளுக்கு டைபாய்டு வந்துச்சுங்கத்தை."

"அதுக்கு முந்தியே குடிச்சிட்டிருந்தாளே!"

அதற்குள் பரிமாறுகிறவர் வந்துவிடுகிறார். "தம்பி, இந்தப் புள்ளைக்கு இன்னொரு ஜிலேபி வை. கல்யாண வீட்டுல வந்து வெறும் இலையோட உக்காந்திருக்குது பாரு."

மூன்று மாதம் கழித்து அதே பெண் அதே எடையில் வந்து நின்றால் கொள்ளுக்கு ஒரு களங்கமும் வராது. வெறும் வயிற்றில் குடித்தாயா? குடிப்பதற்கு முன் காப்பி குடித்திருப்பாய். கருப்புக் கொள்ளு வாங்கச் சொன்னேனே, நீ சிவப்பு வாங்கியிருப்பாய். மிக்சியில் அரைத்தாயா, அம்மியில் அரைத்தாயா? ஒருநாள்கூட விடாமல் குடித்தாயா? நடுவில் ஒருநாள் விட்டிருப்பாய், அதுதான். அந்தப் பெண்ணும் யோசித்துப் பார்ப்பாள். ஆமாம், ஒருநாள் விட்டுத்தான் இருக்கிறது, ஊருக்குப் போயிருந்தோமே. குற்றவாளி அகப்பட்டுவிட்டாள். ஊசி வேலை செய்யாவிட்டால் மருத்துவர் மருந்தைச் சந்தேகிக்கிறார், அளவைக் கூட்டுகிறார், வேறு மருந்துக்கு மாற்றுகிறார். இதெல்லாம் மருந்தின் மேல் விசுவாசமில்லாத வேலை. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, பரம்பரை, இன்சுலின் என்று உடம்புக்குள் நடக்கும் அத்தனையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, குண்டாக இருப்பது குண்டானவரின் சோம்பேறித்தனம் என்ற ஒரே வரியில் நோயறிந்து முடிக்கும் வேகம் எந்த மருத்துவக் கல்லூரியிலும் கிடையாது.

கொள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழியே இருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு? கொள்ளு நல்ல பயறு. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம், கூடவே நார்ச்சத்து. சோற்றைக் குறைத்துக்கொண்டு கொள்ளுப் பருப்பைக் கூட்டிக்கொண்டால் வயிறு நிறையும், பசி தாங்கும். ஆனால் இப்படிச் சாப்பாடாகச் சாப்பிடுவதில் மகிமை ஏது? மகிமையெல்லாம் அதை ஊறவைத்து, பயறை எடுத்துவைத்துவிட்டு, தண்ணீரைக் குடிப்பதில் இருக்கிறது. குதிரைக்கும் காலங்காலமாகக் கொள்ளுதான் வைத்தார்கள். குதிரை ஒல்லியாக, முறுக்கேறிய உடம்போடுதானே இருக்கிறது என்பது நம்மவர்கள் காட்டும் சான்று. குதிரை கொள்ளைத் தின்றுவிட்டுச் சோபாவில் படுத்து ரீல்ஸ் பார்க்கவில்லை, வண்டி இழுத்தது என்று யாராவது சொன்னால் அவர் நம் பாரம்பரியத்துக்கு எதிரி.

ஊசி ரசாயனம், நம்முடையது இயற்கை. இந்த வாதத்தின் கம்பீரத்தில் எனக்கு எப்போதுமே ஒரு மயக்கம். அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா என்றொரு விஷப்பல்லி இருக்கிறது. ஆண்டுக்குச் சில முறைதான் அது வயிறாரத் தின்னும். 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற ஆராய்ச்சியாளர் நியூயார்க்கில் அதன் விஷத்தை ஆராய்ந்து, அதில் எக்செண்டின்-4 என்ற பொருளைக் கண்டார். சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டும், இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி பார்த்துக்கொள்ளும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். ஆனால் சுரந்த ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். பல்லியின் சரக்கு ஏறக்குறைய அதே வேலையைச் செய்தது, அவ்வளவு சீக்கிரம் சிதையவும் இல்லை. அதிலிருந்து பிறந்த எக்செனடைடு 2005-இல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. பிறகு மனித ஹார்மோனையே மாற்றியமைத்து, ரத்தத்தில் ஒரு வாரம் தங்கும்படி செமாக்ளூடைடைச் செய்தார்கள். ஆக, ஊசியின் கதையில் பாலைவனம் இருக்கிறது, பல்லி இருக்கிறது, குடல் இருக்கிறது. ஆனாலும் அது இயற்கையில் சேர்த்தி இல்லை. நெகிழி டப்பாவில் அடைத்து, கூரியரில் வந்து, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கிடைக்கும் பச்சை நிறப் பொடிதான் இயற்கை.

இப்போது நம் வீடியோக்காரர்களும் ஜிஎல்பி-1 என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 'இயற்கை மௌஞ்சாரோ', 'ஏழைகளின் ஒசெம்பிக்' என்று ஊசிகளின் விற்பனைப் பெயர்களிலேயே தலைப்பு வைத்து, இந்தப் பானம் ஜிஎல்பி-1 ஹார்மோனைத் தூண்டும் என்கிறார்கள். சத்தியமான உண்மை. சாப்பிட்டால் அந்த ஹார்மோன் சுரக்கும். சீரகத் தண்ணீருக்கு எவ்வளவு சுரக்குமோ தெரியாது, இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் நிச்சயம் சுரக்கும். அந்தக் கணக்கில் மதுரையில் இரவு பதினோரு மணிக்கும் கல் சூடாக இருக்கும் ஒவ்வொரு பரோட்டாக் கடையும் ஒரு ஜிஎல்பி-1 சிகிச்சை மையம். நிமிடக் கணக்கில் சிதைவதை வாரக் கணக்கில் நிற்க வைத்ததில்தான் ஊசியின் சூட்சுமமே இருக்கிறது என்ற சின்ன விவரத்தை மட்டும் வீடியோக்காரர்கள் விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் சொல்லப் பத்து நிமிட வீடியோ போதுமா?

வீட்டு வைத்தியத்துக்கு ஆராய்ச்சி ஆதாரமே இல்லை என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்சினியா என்ற வெளிநாட்டுப் பெயரில் மாத்திரையாகி உலகமெல்லாம் சுற்றி வந்தது. 1998-இல் ஜாமா மருத்துவ இதழில் அதைப் பற்றிய ஆய்வே வெளியானது. 135 பேர், 12 வாரம். குடம்புளிச் சத்து சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.1 கிலோ. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் பொருட்டில்லை என்று ஆய்வாளர்கள் அடக்கமாகச் சொல்லிவிட்டார்கள். இரு தரப்பினரும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தார்கள் என்பது உபரித் தகவல். ஆப்பிள் சைடர் வினிகருக்கு இதைவிடப் பெரிய பெருமை. லெபனானில் 120 இளைஞர்களை வைத்துச் செய்த சோதனையில், அதைக் குடித்தவர்களுக்கு 12 வாரத்தில் ஆறு முதல் எட்டு கிலோ குறைந்ததென்று 2024-இல் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின, வினிகர் பாட்டில்கள் பறந்தன. தரவுகளைச் சரிபார்த்தபோது கணக்கு உதைத்ததால் 2025-இல் அதை வெளியிட்ட இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் என்ன? கட்டுரையைத்தானே திரும்பப் பெற்றார்கள், பாட்டிலை இல்லையே. கடை அலமாரியில் அது அப்படியே இருக்கிறது. கரைந்தது கொழுப்பா என்று தெரியாவிட்டாலும், தண்ணீர் கலக்காமல் தினமும் குடித்தால் பல் எனாமல் கரைவது உறுதி. எதையாவது கரைக்கும் என்று சொன்னதைக் காப்பாற்றிவிட்டதே.

செலவு விஷயத்தில் தம்ளரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது மிகக் குறைந்த அளவான 2.5 மில்லிகிராம் குப்பியே 3,500 ரூபாய். வாரம் ஒன்று, மாதம் 14,000. நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் மளிகைக் கடைப் பையனும் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கென்றே வீட்டு வைத்தியம் இருக்கிறது. ஒரு பைசா செலவில்லை. வெந்தயம் வீட்டில் உண்டு. சியா விதை மட்டும் வாங்க வேண்டும். இமயமலை இந்துப்பும் வேண்டும். வினிகர் வாங்கினால் 'மதர்' உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். செக்கு எண்ணெய், மலைத்தேன், செம்புச் சொம்பு. அப்புறம் வீடியோவின் விவரக் குறிப்பில் இருக்கும் எண்ணுக்குப் பணம் அனுப்பினால் வரும் 21 நாள் தொகுப்பு. ஒரு பைசா செலவில்லை என்று சொன்னவர் ஒரு பைசாவைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

பக்கவிளைவு? ஊசியோடு வரும் தாளை விரித்துப் பாருங்கள், பயந்துவிடுவீர்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், பித்தப்பைக் கல், கணையத்தில் அழற்சி என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்த மருந்தைப் பற்றி இப்படி யாராவது எழுதுவார்களா? நம் கஷாயப் பொட்டலத்தில் தாளே கிடையாது. தாள் இல்லை, ஆகவே பக்கவிளைவும் இல்லை. சுரைக்காய்ச் சாறு தொப்பையைக் கரைக்கும் என்று வடக்கே பலரும் காலையில் குடித்தார்கள். கசந்த சாற்றையும் மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும் என்று விழுங்கிவிட்டுச் சிலர் ரத்த வாந்தியோடு மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரும் போயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அமைத்த நிபுணர் குழு அதை விசாரித்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாதென்று சொல்ல வேண்டியிருந்தது. சுரைக்காய்க் குடும்பத்துக் காய்களில் சில நேரம் கூடிவிடும் குக்கர்பிட்டசின் என்ற நஞ்சுதான் அந்தக் கசப்பு. அதுவும் நூற்றுக்கு நூறு இயற்கையானதே.

மூலிகை மாத்திரை சாப்பிட்டேன், உண்மையாகவே சரசரவென்று இறங்கியது என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் நம்புகிறேன். சிபுட்ரமைன் என்றொரு மருந்து பசியை நன்றாகவே அடக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுகிறதென்று 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை விலக்கிவிட்டார்கள், அடுத்த ஆண்டு இந்தியாவிலும் தடை வந்தது. அதன் பிறகும் பல நாடுகளில் 'முழுக்க முழுக்க மூலிகை' என்று விற்ற எடைக்குறைப்பு மாத்திரைகளைச் சோதித்தபோது உள்ளே அதே சிபுட்ரமைன் இருந்திருக்கிறது. மருந்துக் கடையிலிருந்து துரத்தப்பட்ட ஒரு ரசாயனத்துக்கு அடைக்கலம் கொடுத்து, புதுப்பெயர் வைத்து, பச்சை இலைப் படம் ஒட்டிக் காப்பாற்றிய கருணையை வேறெங்கே காண முடியும்!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1954-இலேயே மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க இந்தியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். இன்னின்ன நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. உடல் பருமனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அது பத்திரமாக அங்கேயே இருக்கிறது. பேருந்தின் பின்கண்ணாடியிலும் யூடியூப்பிலும் இருப்பவை விளம்பரங்களா என்ன, மக்கள் சேவை.

இத்தனை சேவையின் பலன் கண்கூடு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள் 30.9 சதவீதம். 2019-21-இல் அது 40.4 சதவீதம். சீரகத் தண்ணீரும் கொள்ளு ரசமும் வீடுதோறும் கொதித்துக்கொண்டிருந்த அதே நாலைந்து ஆண்டுகள்தான் இவை. அந்தத் தண்ணீரும் ரசமும் மட்டும் இல்லாதிருந்தால் நூற்றுக்கு நூறு ஆகியிருக்கும் என்பது தம்ளர் பக்தர்களின் கருத்து. மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

கடைசியாக ஒன்று, ஊசிக்காரர்களை நான் நேருக்கு நேர் மடக்கும் இடம் இது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி வந்துவிடும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். செமாக்ளூடைடு சோதனையில் இருந்தவர்களை மருந்தை நிறுத்திய பின்னும் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எவ்வளவு பெரிய ஏமாற்றம்! கஷாயத்தில் அந்தப் பயமே கிடையாது. ஆறு மாதம் குடியுங்கள், சட்டென்று நிறுத்துங்கள், ஒரு கிலோகூடத் திரும்பி வராது. திரும்பி வர, முதலில் அது எங்கேயாவது போயிருக்க வேண்டுமே.